தெற்குக் கோல் மண், சான்றிதழுடன்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த மாபெரும் காரியம் எதுவென்று கேட்டால், பிரஸ்டன் வாண்டர்மீர் கால்டர்மூர் அத்லெட்டிக் கால்பந்துக் கிளப்பை வாங்கிய விதம்தான் என்று தயங்காமல் சொல்லலாம். நம்மைப் போன்ற சாதாரணப் பிறவிகள் எதையாவது வாங்கினால் கையிலிருந்து காசு போகும். வாண்டர்மீர் கடன் வாங்கினார். கிளப்பை வாங்கினார். வாங்கிய கையோடு அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார். அதாவது, கிளப் தன்னைத் தானே விலைக்கு வாங்கி, அமெரிக்காவில் இருந்த அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. வட்டியையும் அதுவே கட்டியது. இப்படியொரு தியாக மனப்பான்மையை இங்கிலாந்தின் வட பகுதியில் வேறெந்தக் கிளப்பிடமும் பார்க்க முடியாது.

இந்த நிதி மேதைமை நார்மா ஹெஸ்கெத்துக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. நார்மா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், ரசிகர் சங்கத் தலைவி. தோற்கும் அணிக்காக மழையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். அவர் கணவர் க்ளைவ் இறந்தபோது, பழைய நிர்வாகத்தின் அனுமதியோடு, அவருடைய சாம்பலை மைதானத்தின் தெற்குக் கோல் கம்பங்களுக்கு முன்னால் தூவினார்கள். கால்டர்மூரில் அது வழக்கம்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் ஆட்டம் தெரியாதே.

கோலுக்கு நேர் பின்னால் நார்மா சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டார். ஆட்டம் முழுக்க க்ளைவிடம் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். எதிரணி கோல் போட்டுவிட்டால், "பாத்துக்கிட்டுத்தானே கெடந்தே, காலைக் கீலை நீட்டியிருக்கக் கூடாதா?" என்று திட்டுவார். உயிரோடு இருந்தபோது திட்டியதைவிட அது குறைவுதான் என்று பக்கத்து இருக்கைக்காரரும் சங்கச் செயலாளருமான டெரக் ஸ்பாஃபர்த் சொல்வார்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பிய மகா லீக் பிறந்தது. கண்டத்தின் மிகப் பெரிய கிளப்கள் பதினைந்து ஒன்றுசேர்ந்து, ஊர் லீக்குகளின் சகவாசமே வேண்டாம் என்று தனிக்குடித்தனம் போகத் தீர்மானித்தன. கோப்பை என்ற வஸ்துவைக் கண்ணால் பார்த்து வெகுகாலமான கால்டர்மூரும் அவற்றில் ஒன்று. இவ்வளவு பெரிய கடன் இருப்பவர்கள் பெரிய மனிதர்களாகத்தானே இருக்க வேண்டும்! மகா லீக்கில் எவ்வளவு தோற்றாலும் யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். எவ்வளவு ஜெயித்தாலும் வெளியிலிருப்பவன் உள்ளே வர முடியாது. பாஸானவர்கள் பட்டியலை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு பரீட்சை வைக்கும் பள்ளிக்கூடம் மாதிரி, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத ஏற்பாடு.

மறுநாள் காலை ரசிகர் ஆலோசனைக் குழு கூட்டப்பட்டது. ஆலோசனையைக் கேட்டுக்கொள்வது ரசிகர்களின் வேலை, சொல்வது நிர்வாகத்தின் வேலை. 'ரசிகர் அனுபவ இயக்குநர்' ரூபர்ட் த்ரிப் திரையில் படம் காட்டி விளக்கினார். இனி உள்ளூர்க்காரர்களுக்குப் 'பாரம்பரிய ரசிகர்கள்' என்று பெயர் என்றார். அப்படியென்றால் என்ன என்று நார்மா கேட்டார்.

"மைதானத்துக்கு நேர்ல வர்றவங்க, மேடம்."

"அப்போ வராதவங்க?"

"அவங்க எதிர்கால ரசிகர்கள். அவங்களுக்காகத்தான் இவ்வளவும் பண்றோம்."

பதினைந்து மைதானமும் தொலைக்காட்சியில் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும், அதனால் பழைய புல்லையும் மண்ணையும் அடியோடு வெட்டியெடுக்கப் போகிறோம் என்று அடுத்த படத்துக்குப் போனார் த்ரிப்.

"தம்பி, தெற்குக் கோல்ல எங்க வீட்டுக்காரர் இருக்கார்" என்றார் நார்மா.

த்ரிப் கம்ப்யூட்டரைத் தட்டினார். "எந்த வரிசை, மேடம்?"

"வரிசையில இல்லப்பா. மண்ணுல."

விஷயம் புரிந்ததும் த்ரிப் முறைப்படி தலைகுனிந்து, முறைப்படி நிமிர்ந்தார். மண் வீணாகாது என்று ஆறுதல் சொன்னார். சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து, சான்றிதழோடு கிளப் கடையில் விற்கப் போகிறார்களாம். சங்கத் தலைவி என்பதால் நார்மாவுக்குத் தள்ளுபடி உண்டாம். அந்தப் பெட்டியை த்ரிப் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று டெரக் அவர் உடம்பிலேயே ஓர் இடத்தைச் சொன்னார். கூட்டக் குறிப்பில் அது 'ஆக்கபூர்வமான யோசனை' என்று பதிவாயிற்று.

அப்புறம் ஊரே திரண்டு மைதானத்தின் வாசலை மறித்தது. மழையில் முன்வரிசையில் நார்மா. பக்கத்தில் 'எங்கள் கிளப் விற்பனைக்கு அல்ல' என்ற அட்டையோடு டெரக். நான்கு முறை விற்கப்பட்ட கிளப் அது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் மற்ற கிளப்கள் ஒவ்வொன்றாகக் கம்பி நீட்டின. மகா லீக் செத்தது. வாண்டர்மீர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். "இந்தக் கிளப் உங்களுடையது" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. இதைவிடப் பெரிய மனதை உலகம் கண்டதில்லை.

புதன்கிழமை காலை நார்மா மைதானத்துக்குப் போனார். தெற்குக் கோல் இருந்த இடத்தில் குழி இருந்தது. லீக் செத்தாலும் ஒப்பந்தம் சாகாது அல்லவா? வெட்டும் வேலை திங்களன்றே பின்வாசல் வழியாகத் தொடங்கிவிட்டது.

"லீக்குதான் இல்லேன்னு ஆயிடுச்சே தம்பி. மண்ணை மறுபடி கொட்டிடுங்க."

"எல்லாம் முன்பதிவு ஆயிடுச்சு, மேடம்" என்றார் த்ரிப். "நீங்க வேற கூட்டத்துல அப்படிச் சொன்னீங்களா, தெற்குக் கோல் பெட்டிக்கு மட்டும் விலை ரெண்டு மடங்காயிடுச்சு. உண்மையான ரசிகர் கலந்த மண்ணாச்சே."

நார்மா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அவர் எந்தப் பெட்டியில இருக்கார்?"

"அதுக்கு உத்தரவாதம் தர முடியாது. மொத்தத்தையும் வாங்கினீங்கன்னா கண்டிப்பா இருப்பார்."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் நார்மா அழுதார். மொத்தத்தையும் வாங்க அவரிடம் பணம் இல்லை. சங்கம் கூடியது. பெட்டிகள் திரும்பி வந்து மண் பழைய இடத்தில் விழும்வரை ஒருவரும் மைதானத்துக்குள் கால் வைப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். டெரக் இரண்டு முறை செய்தார்.

ஆகஸ்டில் வாண்டர்மீர் பிரேசிலிலிருந்து ஜெர்சன் டவாரெஸ் என்ற கோல் வேட்டைக்காரனை வாங்கினார். வழக்கம்போலக் கிளப்பே கடன்பட்டு, கிளப்பே வாங்கிக்கொண்டது.

முதல் ஆட்டத்தன்று நார்மா அட்டையோடு வாசலில் நின்றார். தனியாக நின்றார். உள்ளே போகும் வரிசை தெரு முனைவரை நீண்டிருந்தது. அதில் புதுச் சட்டையில் டெரக்.

"ஒரே ஒரு ஆட்டம், நார்மா. அந்தப் பையன் எப்படி ஆடறான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"சத்தியம் பண்ணியே?"

"பண்ணேன். அதுக்காகத்தான் நானும் ஒரு பெட்டி வாங்கினேன். க்ளைவ் நம்ம ஆளு, வெளியாள் கையில போயிடக் கூடாதுல்ல? டிவிக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்." வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

டவாரெஸ் இரண்டு கோல் போட்டான். தெற்கு அரங்கம் எழுந்து நின்று வாண்டர்மீரின் பெயரைச் சொல்லிப் பாடியது, வாசலில் நின்ற நார்மாவுக்கு நன்றாகவே கேட்டது. டெரக்கின் குரலை அவரால் தனியாகப் பிரித்தறிய முடிந்தது.

வாண்டர்மீரை இன்னும் கரித்துக்கொட்டுபவர்கள் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கால்டர்மூரில் சம்மதம் கேட்காமல் அவர் விற்ற ரசிகர் க்ளைவ் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் வரிசையில் நின்று, டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, தாங்களாகவே விலைபோனார்கள்.