ஒன்றும் அவசரமில்லை

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, உங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது நிற்பது என் மனைவி. என் சௌக்கியத்தைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டாம். விசாரித்தால் நான் சொல்லத் தொடங்கிவிடுவேன். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறீர்கள், நான் பேசுவதை வீடே கேட்கிறது. அந்த வீட்டில் இப்போது அவளும் இருக்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாமல் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் சண்டை கிடையாது. ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தாள், பெட்டியை எடுத்தாள், "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். "எப்ப வருவே?" என்றேன். "தெரியல" என்றாள். மச்சான், நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். திரும்பி வரும் நேரம் தெரியாமல் ஒரு வண்டியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. அவளை மட்டும் அப்படி விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போகட்டும், அவள் நிதானமாக வரட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் காரணம் என்ன என்று ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டாமா?

எல்லாம் அந்தத் தெலுங்குப் படத்தால் வந்த வினை. கல்யாணமான புதிதில் நானும் அவளும் போய்ப் பார்த்த படம். எங்கள் இரண்டு பேருக்கும் தெலுங்கில் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் பாட்டுக்குப் பாஷை எதற்கு என்று டிக்கெட் வாங்கினேன். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெரிய பாடகர், சங்கீதத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர். அவர் பின்னால் தம்பூரா மீட்டிக்கொண்டு அவர் மனைவி. மேடை மேடையாக அவர் பாடுகிறார், சபை எழுந்து நின்று கைதட்டுகிறது, அந்தம்மா பின்னால் உட்கார்ந்து சுருதி கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு கச்சேரியின் நடுவில் அந்தம்மா தம்பூராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்கிறாள். சுருதி நின்றதும் இவருக்குக் குரல் எங்கேயோ போகிறது, பாட்டை நிறுத்திவிட்டு முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்கிறார். உதடு நடுங்க ஒரே ஒரு வசனம் சொல்கிறார்: "நாக்கு நீ அவசரம் உந்தி."

கொட்டகை முழுக்க விசும்புகிறது. நான் மட்டும் சிரித்துவிட்டேன். நாக்கு என்றால் எனக்கு, உந்தி என்றால் உண்டு, இந்த அளவுக்கு யாருக்கும் பிடிபடும். எனக்கு அவசரம் என்கிறார். வயதான மனிதர், இவ்வளவு நேரம் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், என்ன அவசரமாக இருக்கும்? பாவம், சட்டென்று வழிவிடுங்களய்யா என்று பக்கத்தில் சொல்லித் திரும்பினால், உங்கள் தங்கை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். புது மாப்பிள்ளை என்பதால் நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அந்த வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. டைம் கீப்பருக்கென்றே எழுதிய வசனம் அல்லவா? டிப்போவில் வண்டி கிளம்பத் தாமதமானால் மைக்கில் அதைத்தான் சொல்வேன். டிரைவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிவருவார்கள். தெலுங்கு பேசுகிற டிரைவர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் என் கூண்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்திருந்தேன். அவர் வேறு டிப்போவுக்கு மாறிப்போகும் அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

வீட்டிலும் அதே வசனம்தான். வெளியே கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "நாக்கு நீ அவசரம் உந்தி!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வருவாள். ஓய்வு பெற்ற பிறகும் மாலை நடைக்குப் போகும்போது இதே கதை. அவள் என் தெலுங்கைக் கேட்டுத்தான் சிரிக்கிறாள் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் சத்தம் கொடுக்க மறந்து உள்ளே எட்டிப் பார்த்தால், அவள் கிளம்பித் தயாராகிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "ரெடியாயிட்டியே, வர வேண்டியதுதானே?" என்றேன். "நீங்க இன்னும் கூப்பிடலையே" என்றாள். பெண்கள் விஷயம் நமக்கு என்ன புரிகிறது!

இப்படி இருக்கையில் அந்தப் படத்தைக் கழுவித் துடைத்துப் புதுசாக்கி, கீழே தமிழ் எழுத்தும் போட்டு, மறுபடி கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். என் மகள் சும்மா இருக்காமல் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போனோம். பாட்டெல்லாம் அப்படியே இருந்தது, எனக்குத்தான் முட்டி வலி. கடைசிக் காட்சி வந்தது, பாடகர் திரும்பினார், வசனத்தை அவரோடு சேர்ந்து நானும் சொன்னேன். கீழே எழுத்து வந்தது: "எனக்கு நீ வேண்டும்."

விட்டேனா பார் என்று எழுந்துவிட்டேன். "தப்பு! தப்பாப் போட்டிருக்கான்!" என்று கத்தினேன். நாலு பேர் உட்காரச் சொன்னார்கள். படம் முடிந்ததும் மேனேஜரைப் பிடித்தேன். அவசரம் என்றால் அவசரம், இதில் வேண்டும் எங்கிருந்து வந்தது, மொழிபெயர்த்தவனைக் கூப்பிடுங்கள் என்றேன். "சார், வர்ற படத்தை ஓட்டுறது மட்டும்தான் என் வேலை" என்று அவர் விளக்கை அணைக்க ஆரம்பித்தார். அப்போது உங்கள் தங்கை மெதுவாக, "சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பக்கத்து சீட்டு அம்மாகிட்ட கேட்டேன்."

"கேட்டுட்டு இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

நிறுத்துவதற்கு நான் என்ன பஸ்ஸா? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவளையும் நம்பவில்லை, எழுத்தையும் நம்பவில்லை. எங்கள் தெருமுனைப் பல் டாக்டரம்மாவின் தாய்மொழி தெலுங்கு. மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். உட்கார இடமில்லாமல் கூட்டம். அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டரம்மா கதவைத் திறந்தார், "என்ன சார்?" என்றார். சுற்றி வளைப்பானேன் என்று, மைக்கில் பேசிப் பழகிய தொண்டையில், "நாக்கு நீ அவசரம் உந்தி" என்றேன். அத்தனை பேரும் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இங்க எல்லாருக்கும்தான் சார் நான் தேவை. வரிசையில உட்காருங்க. எந்தப் பல்லு?" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. அர்த்தம் கேட்க வந்தேன் என்று அந்தக் கூட்டத்தின் நடுவில் எப்படிச் சொல்வது? விரலுக்கு எட்டிய ஒரு பல்லைக் காட்டினேன். அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. பிடுங்கிவிட்டார்.

கன்னம் வீங்கியிருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை, நடையும் இல்லை பேச்சும் இல்லை. வீக்கம் வற்றியதும் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். வரவில்லை மச்சான். அர்த்தம் தெரியாத வரைக்கும் அது ஒரு வசனம். தெரிந்த பிறகு அதை எப்படி வாசலில் நின்று சத்தமாகச் சொல்வது? எதிர்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். என் வயது என்ன, வழுக்கை என்ன! தொண்டையைச் செருமிக்கொண்டு, "போலாமா?" என்றேன். அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு முடியல, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். மறுநாளும் "போலாமா", மறுநாளும் "முடியல". அதற்கடுத்த நாள் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. அதன் பிறகுதான் பெட்டி. இதில் சண்டை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவள் போனபின் வீடு இருக்கிற லட்சணத்தை எழுதினால் உங்களுக்கு மனசு கஷ்டப்படும், ஆகவே எழுதுகிறேன். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றால் பொங்குவதில்லை, பேப்பரை எடுத்தால் பொங்கிவிடுகிறது. சலவை இயந்திரத்தில் என் சட்டைகளோடு ஒரு சிவப்புத் துண்டும் போய்விட்டது, இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் இளஞ்சிவப்புச் சட்டைகள்தான். இதெல்லாம்கூடத் தாங்கலாம். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் அல்லவா, அது பாட்டா, புகாரா என்று நான் கவனித்ததே இல்லை. இப்போது அது இல்லாமல் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ரேடியோவைப் போட்டேன். அது வேறு சத்தம்.

நேற்று பொழுது போகாமல் அந்தப் படத்துக்கே மறுபடி போனேன். பழக்க தோஷத்தில் இரண்டு டிக்கெட் கேட்டுவிட்டேன், கொடுத்தும்விட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கும் அதே எழுத்துத்தான் சார் வரும்" என்றார். இருக்கட்டும் என்றேன். இத்தனை வருஷமாக அது ஒரு பாடகரின் கதை என்று நினைத்திருந்தேன். நேற்று அவரை நான் பார்க்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அந்தம்மாவைத்தான் படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டின் நடுவே மூச்சு வாங்கும் இடங்களில் அந்தம்மா லேசாக நிமிர்ந்து பார்க்கிறாள், இப்போதாவது திரும்புவாரா என்று. ஒவ்வொரு பாட்டிலும் பார்க்கிறாள். கடைசியில் அவர் திரும்பி வசனத்தைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன், காலியாக இருந்த சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாசல் வரை போன அந்தம்மா, இவர் குரல் கேட்டு நிற்கிறாள். திரும்பினாளா என்று காட்டாமல் படத்தை முடித்துவிடுகிறார்கள். வெளியே வந்து, "அந்தம்மா திரும்பி வந்தாங்களா?" என்று மேனேஜரைக் கேட்டேன். "நானும் தினம் பார்க்கறேன் சார், தெரியல" என்றார்.

ஆகவே மச்சான், நீங்கள் பெரியவர், பேச்சுவாக்கில் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம். எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அவசரமே இல்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல்லும் சொல்லும் கெடாமல் நூறு வயது இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
இளஞ்சிவப்புச் சட்டையுடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பல் டாக்டரம்மா போன் செய்தார், பக்கத்துப் பல்லையும் பார்க்க வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று. புதுத் தெலுங்கு கற்ற மிதப்பில், "அவசரம் லேது" என்றேன். மெதுவாக வருகிறேன் என்ற அர்த்தத்தில். "நான் தேவையில்லைன்னா வேற டாக்டரைப் பாருங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை அல்லவா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே நான் எத்தனை இடத்தில் அவசரமில்லை, அவசரமே இல்லை என்று எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள்! எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் கிடையாது மச்சான். அவள் இதைப் படித்தால் என்ன ஆவது? எல்லா இடத்திலும் அடித்துவிடுங்கள். இல்லை, வேண்டாம், நீங்கள் அடிக்கும்போது அவள் பார்த்துவிடுவாள். இதைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பேன். உள்ளே வாருங்கள், உட்காருங்கள் என்று உபசாரம் செய்ய வேண்டாம், அந்த வசனத்தை வாசலில் நின்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அக்காவிடம் சொல்லி உங்கள் தங்கை கையில் இருக்கிற வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பல் போன இடத்தில் காற்று போவதால் 'ச' சரியாக வராது. பரவாயில்லை, உங்கள் காதுக்கே கேட்கும்படி சொல்கிறேன், அவளுக்குப் புரியும்.