ஆறிலொண்டரும் அரைவாசிப் படகும்

ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைவிட, அது எப்போது முடியும் என்று கணக்குப் பார்க்க அதிக நேரம் எடுத்த மனிதர் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் ஆறிலொண்டர். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஏழு வருடம் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்து அனுபவித்தவன் நான்.

அது உள்துறைமுகக் கரையில் இருந்த ஒரு படகு திருத்தும் யார்டு. நான் கிளாக்கர். அவர் வேலையாட்களை மேய்க்கும் ஓவசியர். அவருடைய சொந்தப் பெயர் வரவு பதியும் இடாப்பில் மட்டும் இருந்தது. ஒருவன் ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பான் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், "அப்ப அவன் ஒரு நாளைக்கு ஆறிலொண்டு செய்யிறான்" என்று தொடங்கிவிடுவார். பெயர் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

சட்டைப் பையில் எப்போதும் வெண்கட்டி இருக்கும். கடதாசியில் எழுத மாட்டார். கரையில் ஏற்றி வைத்த படகுதான் அவருக்குக் கரும்பலகை. ஒருமுறை இறக்கக்கண்டிச் சம்மாட்டி ஒருவர் தன் படகில் எக்ஸும் பின்னங்களுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணூறு கழிக்க எழுதியது என்று நம்பிக்கொண்டு போய்விட்டார். அந்த முறை மீன் நன்றாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டாவது படகையும் இழுத்துக்கொண்டு வந்து, "திருத்த ஒண்டுமில்லை, ஐயா எழுதிவிட்டாக் காணும்" என்றார். ஆறிலொண்டரும் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

வீட்டிலும் இதே கூத்துத்தான். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் வேலைக்கு வந்தார். விசாரித்தால், தேங்காய் திருவுவதில் பிரச்சினையாம். மனைவி திருவினால் நாலு நிமிடம், இவர் திருவினால் பன்னிரண்டு நிமிடம், இருவரும் சேர்ந்தால் மூன்றே நிமிடம் என்று குசினிச் சுவரில் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஒரு திருவலையில ரெண்டு பேர் எப்பிடி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்ல கேள்விதான், தம்பி" என்று சொல்லிக்கொண்டே என் சோற்றில் பாதியைச் சாப்பிட்டு முடித்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கபூர் நானாவின் படகு வந்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிவந்தது.

கபூர் நானா கிண்ணியாக்காரர், முதலாளியின் மிகப் பழைய வாடிக்கையாளர். படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும் பழைய பெயின்டையும் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும். "சனிக்கிழமை காலைல போட் தண்ணில இறங்கல்லண்டா நான் வேற யாட்டுக்குக் கொண்டு போயிருவன்" என்று சொல்லிவிட்டார். பெயின்டர் புல்மோட்டையிலிருந்து வருபவன். வியாழன் ஒரு நாள்தான் வர ஏலும் என்றான். ஆகவே புதன் பின்னேரத்துக்குள் சுரண்டி முடிக்க வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தாள் போனா நீரும் அவரோடயே போகலாம்" என்றார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

நான் ஆறிலொண்டரிடம் ஓடினேன். பெயின்டர் கதையைச் சொன்னேன், முதலாளி சொன்னதை வெட்கத்தில் விழுங்கிவிட்டேன்.

"செல்வம் தனிய நிண்டா ஆறு நாள். அப்ப ஒரு நாளைக்கு ஆறிலொண்டு. சலீம் தனிய நிண்டா மூண்டு நாள். மூண்டிலொண்டு. கூட்டினா அரைவாசி" என்று எங்கள் வேலையாட்கள் இருவரையும் வைத்துப் படகில் எழுதினார். "செவ்வாய், புதன், ரெண்டே நாள். நீங்கள் போய்ச் சந்தோசமா இருங்கோ."

நானும் போய்ச் சந்தோசமாக இருந்தேன், செவ்வாய் பின்னேரம் வரை. வந்து பார்த்தால் கால்வாசிதான் முடிந்திருக்கிறது. செல்வம் தனியாக நின்றால் வாய் திறக்க மாட்டான். சலீமும் அப்படியே. இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் வாய் மூடாது. காலையில் கிரிக்கெட். மத்தியானத்துக்குப் பிறகு, சூரைக் குழம்புக்குப் பழப்புளியா கொறுக்காப்புளியா என்ற வழக்கு. வாதம் சூடேறும்போதெல்லாம் கையிலிருந்த சுரண்டி அந்தரத்தில் நின்றது.

"அண்ணை, அரைவாசி எண்டு சொன்னீங்கள்."

"ஓம். கதையைக் கணக்கில சேர்க்கேல்லை. அது என்ர பிழைதான்." வெண்கட்டியை எடுத்து ஒரு கழித்தல் அடையாளம் போட்டார். "தொட்டிக்கு மேலால தண்ணி வர, அடியால ஒழுகிற மாதிரி. அரைவாசியில கால் பங்கைக் கதை கொண்டுபோகுது. மிச்சம் கால். அப்ப மொத்தம் நாலு நாள். வெள்ளி பின்னேரம் முடியும்."

விடை கிடைத்த சந்தோசத்தில் அவர் முகம் பளபளத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை முடிஞ்சு என்ன செய்யிறது? எனக்கு வேலை போகப்போகுது. உங்கட விடையைக் கொண்டுபோய் வீட்டில அவிச்சுக் குடுக்கவோ?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வேலை போகுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே" என்றார். பிறகு எழுதியதை எல்லாம் உள்ளங்கையால் அழித்தார். அவர் ஒரு கணக்கை அழித்து அன்றுதான் பார்த்தேன்.

புதன் காலை செல்வம் படகின் முன்பக்கம், சலீம் பின்பக்கம். நடுவில் முழுப் படகும் கிடந்தது. கத்தினால்தான் கேட்கும், கத்திக் கதைக்கப் பஞ்சிப்பட்டு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இதால அரைவாசி வரும். இன்னும் கால் வேணும்" என்று என் கையில் ஒரு சுரண்டியைத் தந்தார். "நான் எட்டிலொண்டு, நீங்கள் எட்டிலொண்டு. சரியா வருது."

"எனக்குச் சுரண்டத் தெரியாது, அண்ணை. உங்களுக்கும் தோள் நோவெல்லே?"

"அதெல்லாம் கணக்கில பாத்திட்டன். இனிக் கதைக்கப்படாது."

நடுப்பகுதியில் ஒரு கோடு கீறி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிலொண்டு என்று எழுதினார். சுரண்டினோம். பேனை பிடித்த கை பத்து மணிக்கே கொப்பளித்துவிட்டது. மனதுக்குள் அவரைத் திட்டியபடியே, அவர் பக்கம் நிமிர்ந்தும் பார்க்காமல், ஐந்து மணிக்கு என் பங்கை முடித்தேன். அவரும் அப்போதுதான் முடித்தார். அனுபவப்பட்ட ஓவசியருக்குச் சமமாக முடித்துவிட்டேன் என்று அன்று மனைவியிடம் பெருமையடித்தேன். வேலை முடிந்ததும் ஆறிலொண்டர் இடது கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்ததைக் கவனித்தும், ஏனென்று யோசிக்கவில்லை.

வியாழன் காலை, பெயின்டர் வருமுன், வேலைப் புத்தகத்தில் எழுதுவதற்காக நாடா பிடித்து அளந்தேன். என் எட்டிலொண்டு நாலு அடி. அவருடைய எட்டிலொண்டு பன்னிரண்டு அடி.

நேரே அவரிடம் போனேன். "அண்ணை, ரெண்டும் எட்டிலொண்டு எண்டெல்லோ எழுதினீங்கள்?"

"கூட்டினாக் கால் வருதுதானே?"

"அதில்லை. எனக்குப் பதினாறிலொண்டுதான் தந்திருக்கிறீங்கள்."

"பதினாறிலொண்டு எண்டு எழுதினா நீங்கள் மனம் வச்சுச் சுரண்டுவீங்களோ?" என்று சொல்லிவிட்டு, வலது தோளைப் பிடித்தபடி அடுத்த படகுக்குப் போனார்.

சனிக்கிழமை கபூர் நானாவின் படகு தண்ணீரில் இறங்கியது. நான் இன்றைக்கும் அதே யார்டில் வேலையில் இருக்கிறேன். ஆறிலொண்டர் போன வருடம் ஓய்வெடுத்து, இலங்கைத்துறையில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். இப்போது யாரும் படகில் கிறுக்குவதில்லை. வேலைகள் சொன்ன நாளுக்கு முடிகின்றன. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.