அத்தையின் பாவங்களை நான் சோதித்த இருபத்தொரு நாள்

இலோயிலோ,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவில் அன்புள்ள எமெரிட்டா அக்காவுக்கு (சிஸ்டர் என்று எழுதுவதே முறை, ஆனால் சின்ன வயதில் என் சடையை இழுத்த கையை மடத்து அங்கி மறைத்துவிடுமா?), தங்கை மரிவிக் எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும், பத்து மாதப் பிள்ளை லிகாயாவும், மாமியார் கொன்சிங்கும், இரண்டு பன்றிகளும் சுகம். கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ரொடெலும், கடைசியாகப் பேசியவரை, சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். போன கடிதத்தில் அத்தையைப் பற்றி எழுதியதையெல்லாம் உடனே கிழித்துவிடவும். யாருக்காவது படித்துக் காட்டியிருந்தால் அவர்களையும் மறக்கச் சொல்லவும்.

நீ எழுதியபடியே தினமும் மதியம் பிள்ளை தூங்கியதும் கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு எக்சாமென் என்கிற ஆத்தும சோதனை செய்தேன். நன்றி சொல், ஒளி கேள், கழிந்த நாளைத் திரும்பிப் பார், வருந்து, நாளைக்குத் தீர்மானம் எடு என்று ஐந்து படி. மூன்றாவது படியில் சறுக்கிவிட்டேன், அக்கா. திரும்பிப் பார்த்த இடத்திலெல்லாம் அத்தையே நின்றார். பிள்ளைக்குப் புட்டிப்பால் பழக்குகிறார், தன் பாயில் போட்டுக்கொள்கிறார், என் துவைக்காத சட்டையைத் திருடிப் பிள்ளையின் தலையணைக்கடியில் ஒளிக்கிறார், கோழி இடுகிற முட்டை வீட்டில் தங்குவதில்லை, என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார் என்று நோட்டு நிறைய எழுதினேன். நான்காம் படியில் அவருக்காக நானே வருந்தியும் வைத்தேன். அவரோ எனக்குத் தினமும் மீன்தலை பொரித்துப் போட்டார், நான் கதவைச் சாத்தியதும் பக்கத்து வீட்டு வேலியோரம் போய், "ஏய் நெனெங்! அந்தக் கரோக்கேய நிறுத்துடி! எம் மருமக எக்சாமெனுக்கு உக்காந்திருக்கா!" என்று கத்தினார். ஜெபத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தேன். வியந்ததை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் மூன்று பென்சிலை என் முன் வைத்தார்.

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக் குடுத்தாரு. இதுலதான் எழுதணும்."

"ஆத்தும சோதனைக்குப் பென்சில் எதுக்கு அத்தை?"

"என்ன சோதனையோ! நர்சுக்குப் படிச்சவ, வெளிநாட்டுக்காரன் வைக்கிற எக்சாமென்தானே எழுதப் போற? சொன்னா தடுப்பேன்னு மறைச்சியாக்கும்."

நம் பேச்சில் பரீட்சையும் எக்சாமென், இதுவும் எக்சாமென். கதவைச் சாத்திய நர்சம்மா வேறு எதற்குப் படிப்பாள்?

"அப்ப அந்தப் புட்டிப்பால், பாயி, சட்டை…"

"அம்மா வாசனை இல்லாம பிள்ள தூங்குமாடி? இப்பவே பழக்கணும்ல. பிள்ள ஏங்குதேன்னு நீ அங்க அழுதுக்கிட்டே ஊசி போட்டா, இடுப்புல போடுறத எவன் கண்ணுலயாவது குத்திடுவ."

"முட்டை?"

"கிளாரம்மா மடத்துக்குக் குடுத்தேன். பரீட்சை எழுதுறவங்களுக்காக முட்டை காணிக்கை குடுத்தா, ஜெபிக்கிறது அவங்கதானே."

"நான் போகணும்னு அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

"யாருக்கு ஆசை? பாதி முட்டை நீ தேறணும்னு. பாதி முட்டை தேறக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஐந்து படியும் அறிந்த நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் போய்விடுவேன் என்று நம்பிக்கொண்டே, மூளைக்கு நல்லதென்று எனக்கு மீன்தலை பொரித்த கையைத் திருட்டுக் கை என்று எழுதி வைத்திருந்தேனே அக்கா! நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் வாசித்தே காட்டிவிட்டேன். அத்தைக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "அப்ப நீ போகலையா?" என்று மூன்று முறை கேட்டார். சட்டி இறக்கும் கைப்பிடித்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன், உனக்குத் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் என் வணக்கம். உன் ஜெபத்தில் என்னை வைத்துக்கொள். அத்தையை வைக்க வேண்டாம், நீ அவரிடம் ஜெபம் கேட்டுக்கொள். மாதா உன்னைக் காப்பாராக.

உன் தங்கை,
மரிவிக்

பி.கு.: மேலே புகழ்ந்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாகியும் பிள்ளை அத்தையின் பாயில்தான். "நான்தான் எங்கயும் போகலையே, பிள்ளயக் குடுங்க" என்றால், "தெனம் கதவச் சாத்திக்கிட்டுக் கடவுள்கிட்டப் போறியே, அது வெளிநாடு இல்லாம என்ன? போயிட்டு வா, பிள்ளய நான் பாத்துக்கிறேன்" என்கிறார்.