அரைவெளிச்சமும் எட்டு டியூப்லைட்டும்

கரண்ட் போனால் ஆரணியே திட்டும். கரண்ட் வந்தால் திட்டிய ஒரே மனிதர், நாங்கள் அரைவெளிச்சம் என்று பட்டப்பெயர் வைத்த ஓவியர்தான்.

தொண்ணூறுகளில் என் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பட்டுக்கடைக்குக் கறுப்பில் சாம்பல் நிற எழுத்து எழுதிவைத்தார்.

“இன்னாய்யா, பேரே தெர்ல?” என்று கத்தினார் முதலாளி.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க, சூப்பரா தெரியும்.”

அதோடு அந்தத் தெருவில் போர்டு வேலை போயிற்று. அவர் கவலைப்படவில்லை. பலகையில் விளக்குக்கரி பூசி, அறுந்த பட்டு நூல், ஜரிகைத் துணுக்கு, பழைய எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ஒட்டிப் படம் செய்தார். “இருட்டும் வெளிச்சமும் ஒண்ண ஒண்ணு இடிச்சிகினு நிக்குது பாருங்க, அந்த எடத்தத்தான் புடிக்கறேன்” என்பார்.

ஒரு வருடம் உழைத்து, கதவு உயரத்துக்கு ஒரு படம் முடித்தார். கல்யாண மண்டபத்தில் ஓவியப் போட்டி வந்தது. கலந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தியவன் நான். “சன்னலாண்ட மாட்டுங்க, லைட்டு வேணாம்” என்று அவர் கெஞ்சியிருந்தார். போட்டிச் செயலாளரோ சன்னல்களை மூடித் திரைபோட்டு, படத்துக்கு நேர் மேலே எட்டு டியூப்லைட் கட்டினார்!

நடுவர் படத்தை முகர்ந்தே பார்த்தார். “அடுப்பாண்ட வெச்சிருந்தீங்களா?”

முதல் பரிசு, யாரோ தெர்மாகோல் ஒட்டிச் செய்த அன்னப்பறவைப் படத்துக்கு. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரைவெளிச்சம் நேராகப் போய் ப்யூஸைப் பிடுங்கினார். மண்டபம் இருண்டது.

“எவன்டா அது?” என்று கத்தினார் செயலாளர்.

“ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கய்யா!”

ஒரு சன்னலை மட்டும் ஒரு சாண் திறந்தார். மாலை வெயில் சாய்ந்து விழுந்தது. ஜரிகை மினுங்கியது, பிலிம் வெளுத்தது. கரிக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் மெல்ல எழுந்து, எங்களைப் பார்த்தது.

“யம்மா... மூச்சு வுடுதே!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அதற்குள் செயலாளர் ப்யூஸை மாட்டிவிட்டார். முகம் போயிற்று. அன்னம் மட்டும் ஜொலித்தது. போதாததற்கு மன்னிப்புக் கடிதம் வேறு கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார்: “இருட்டாக்கியதற்கு மன்னிக்கவும். வெளிச்சம் போட்டதற்கு நீங்கள் எப்போது மன்னிப்புக் கேட்பீர்கள்?”

பல வருடம் கழித்து, ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தார். பிளாஷ் கூடாது என்று சன்னலோரம் உட்கார்ந்தார். பாதி முகம் இருட்டு.

“சிரிங்கண்ணா.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

ரேஷன் ஆபீசில் அந்தப் போட்டோவைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். அவர் கொண்டுவந்து காட்டியதை நான் திருப்பித் தரவில்லை. சட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.