கழுதை கட்டும் கல்லும் உங்கள் தம்பியும்

அல்பைசின், கிரனாதா
ஞாயிறு, நவம்பர் 16

பெருமதிப்பிற்குரிய என்கார்னா அக்காவுக்கு,

இங்கே நானும் உங்கள் தம்பி இலாரியோவும் நலம். நான் நலம் என்பது மரியாதைக்காக எழுதியது. அவர் நலம் என்பது உண்மை. என் கோபத்துக்குக் காரணமே அதுதான். உங்கள் ஊர் உபேதாவில் ஒலிவ அறுவடை தொடங்கியிருக்கும். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ரொட்டிக்காரர் கதவில் மாட்டிவிட்டுப் போன பையை எடுக்கக் கதவைத் திறந்தேன். இரவு உடை, தலையில் முடி சுருட்டும் உருளைகள் ஏழு, ஒரு காலில் மட்டும் செருப்பு. வாசலில் இருபது பேருக்கு மேல் நின்று கைதட்டினார்கள். நடுவில் உங்கள் தம்பி. டைல்ஸ் கடையை மூடிய நாளிலிருந்து சுற்றுலா வழிகாட்டி வேடம் போடுகிறார் என்று தெரியும். அல்ஹம்ப்ரா அரண்மனையோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்த நான்தான் முட்டாள். “இதோ, சுல்தான் வீட்டுச் செவிலித்தாயோட கடைசி வாரிசு!” என்று என்னைக் காட்டுகிறார். ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, “எவ்வளவு பழமையான முகம் பாருங்க!” என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது, அக்கா. என் அப்பா அல்மெரியாவில் தக்காளி லாரி ஓட்டினவர். எதிர்வீட்டுக்காரி பூரி சும்மா இருப்பாளா? “மகாராணி! கிரீடத்தைக் கழட்டிட்டு மாடிக்குப் போங்க, ராத்திரி காயப்போட்ட உங்க போர்வை தெருவெல்லாம் சொட்டுது!”

இதெல்லாம்கூடப் போகட்டும். எங்கள் வாசலுக்கு மேலே அரபு எழுத்துக் கல் ஒன்று இருக்கிறதே, உங்கள் அப்பா சுவர் பூசும்போது இதே தெரு இடிபாட்டிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பதித்தது, அதைக் காட்டி உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்: “கண்ணே, உன் மூச்சு படாமல் என் மாதுளை பூக்காது.” உடனே வய்யதோலித் ஊரிலிருந்து வந்த ஒரு பையன், நான் அப்போதுதான் பையிலிருந்து தவறவிட்ட ரொட்டியின் மேலேயே முழங்காலிட்டு, நெரேயா என்கிற பெண்ணிடம் மோதிரத்தை நீட்டிவிட்டான்.

நான் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் அரபு படித்தவள். இன்று நூலகத்தில் முத்திரை குத்துகிறேன் என்றாலும் படித்தது படித்ததுதானே? “எழுந்திருப்பா. அது காதலும் இல்ல, கவிதையும் இல்ல. ‘இங்கே கழுதையைக் கட்டாதே’ன்னு எழுதியிருக்கு” என்றேன்.

நெரேயா கல்லைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். “அறுநூறு வருஷம் முன்னாடியே எச்சரிச்சிருக்காங்களே!” என்றாள்.

உங்கள் தம்பிக்கு வந்ததே கோபம்! “ஏம்மா, ஒரு கல்யாணத்தையே கெடுத்துட்டியே! உண்மையைச் சொன்னா எவன் நிப்பான்?”

அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக இந்த மனிதர் அந்தக் கல்லுக்குக் கீழேதான் வந்துபோகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள்கூட என்னைக் கேட்டதில்லை. தேவைப்பட்டபோதும் கேட்கவில்லை, இட்டுக்கட்டினார். செவிலித்தாயைப் பொறுத்துக்கொள்வேன், இதை எப்படிப் பொறுப்பது? அந்த ஆத்திரத்தில், அதே இரவு உடையோடு, நாற்பது நிமிடம் பேசித் தீர்த்துவிட்டேன். இந்தச் செங்குத்துத் தெருவில் சுமைக்காரர்கள் எப்படி ஏறினார்கள், கழுதைகள் யார் வாசலை நாறடித்தன, அந்தக் காலத்தில் கல் வைத்தவன் எவ்வளவு நொந்திருப்பான், இன்று நான் நோவதைப் போலத்தான் என்று எல்லாவற்றையும். யார் கேட்டார்கள், யார் போனார்கள் என்றெல்லாம் எனக்கென்ன?

முடிவாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி அனுப்பி உங்கள் தம்பியை அழைத்துப்போங்கள். ஒலிவ மரங்களுக்கு அவர் என்ன கதை வேண்டுமானாலும் சொல்லட்டும். இல்லையென்றால் நான் அல்மெரியாவுக்குப் பெட்டி கட்டுவேன்.

மச்சானுக்கு என் வணக்கம். கன்னி மாதா உங்கள் இடுப்பையும் என் பொறுமையையும் காப்பாளாக.

வேதனை என்று பொருள்படும் பெயரை எனக்கு அம்மா தெரிந்தேதான் வைத்திருக்கிறாள்.
இப்படிக்கு, அங்குஸ்தியாஸ்

பின்குறிப்பு: வண்டி அனுப்ப வேண்டாம். அந்த நாற்பது நிமிடமும் ஒருவர்கூட நகரவில்லை என்பதை மேலே எழுதக் கை வரவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “அப்போ கழுதைங்களை எங்கதான் கட்டினாங்க?” கேட்டது உங்கள் தம்பி. வாயைத் திறந்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். வரும் சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டத்தைக் கூட்டிவருவது மட்டும்தான் அவர் வேலை, பேசப்போவது நான் என்று முடிவுசெய்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, பூரியிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் சனிக்கிழமை சாயங்காலம்தான் தபாலில் போடுவேன்.