வண்டியில் யார் பேரு

கம்பிக்காரருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குனிந்தபடியே தளத்துக்குக் கம்பி கட்டியவர், காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தார். நிமிர்ந்த இடுப்பை மறுபடியும் மடக்கச் சொன்னாள் போக்குவரத்துப் போலீஸ்காரி.

"இறங்குங்கண்ணே. முன்னாடி வந்து கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இது என்ன?"

"நம்பர் பிளேட்டுங்க மேடம்."

"அது எனக்கும் தெரியுது. நம்பர் எங்க?"

"அதுலதான் இருக்கு. கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கு."

"ஏன், அதுங்களுக்குள்ள சண்டையா?"

கம்பிக்காரர் குனிந்து பலகையைத் துடைத்தார். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று சட்டத்தில் கணக்கு உண்டு. அவருடைய பலகையில் அந்த இடைவெளி இடம் மாறி வேறெங்கோ நின்றது. எழுத்தும் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் எண்களும் எழுத்துகளாகி ஒரு பெண்ணின் பெயராகத் தெரிந்தது. அதற்காகவே கூடுதலாகப் பணம் கட்டி, காத்துக்கிடந்து வாங்கிய நம்பர் அது.

"படிச்சா ஒரு பொம்பளை பேரு வருது. யார் பேரு?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா?"

"நல்லாத் தெரிஞ்சவங்க."

"சரி, அந்தப் பேரைச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். ஒரு லாரி போயிற்று. பின்னாலேயே இன்னொரு லாரி போயிற்று. "அதான் நீங்களே படிச்சிட்டீங்களே மேடம்."

"நான் படிச்சது இருக்கட்டும். உங்க வாயால சொல்லுங்க, இன்னிக்கு விட்டுடறேன்."

ஒரு பேரைச் சொன்னதற்காக அபராதத்தை விடும் போலீஸை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பட்டது. "சீட்டையே குடுத்துடுங்க மேடம்" என்றார். பணத்தைக் கட்டினார். யாருக்கும் பாக்கி வைப்பது அவருக்குப் பிடிக்காது.

போலீஸ்காரி தலையை ஆட்டிக்கொண்டு, போனை எடுத்தபடி நிழலுக்கு நகர்ந்தாள்.

பேர் அவருக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டி பேர் தெரியாத ஆள் உண்டா? நாக்குதான் பழகவில்லை. கல்யாணமான புதிதில் வெட்கம். வெட்கம் போனபோது வேலை வந்துவிட்டது. ஒரு பிள்ளை இருந்திருந்தால் 'இன்னாரோட அம்மா' என்றாவது கூப்பிட்டிருக்கலாம். அதுவும் வாய்க்கவில்லை. ஆகவே, 'இந்தா.' 'ஏய்.' 'எங்க இருக்க.' இந்த மூன்றை வைத்தே ஒரு குடும்பத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு நாள் அவளுக்குத் தலைசுற்றல் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். சீட்டு எழுதுகிற பெண், "பேஷன்ட் பேரு?" என்றாள்.

"நம்ம வீட்லங்க."

"வீட்லன்னு யாரும் பேரு வைக்க மாட்டாங்க சார். பேரு?"

அவர் நின்றார். பேர் நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றிக்கொண்டார்கள். பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். மெல்லத் தலையைத் தூக்கினாள். தன் பேரைத் தானே சொன்னாள். இனிஷியலையும் சேர்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருக்க, துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். "என் பேரு என்னன்னு ஞாபகம் வந்தா வந்து கூப்பிடுங்க. வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீடு வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில் "இந்தா" என்பார். குழாய் சொட்டும். அவ்வளவுதான் பதில். ஒரு தட்டைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கழுவி வைத்துவிட்டு, இன்னொரு தட்டையும் எடுத்துக் கழுவுவார். சவரக் கண்ணாடி முன்னால் நின்று பேரைச் சொல்லிப் பார்ப்பார். முதல் எழுத்திலேயே இருமல் வந்துவிடும்.

கூப்பிடத்தான் வாய் வரவில்லை, எழுதியாவது காட்டிவிடலாம் என்றுதான் அந்தப் பலகை. தினமும் வேலை முடிந்ததும் மச்சினனின் தெருவுக்கு வண்டியை விடுவார். கீழே மச்சினனின் பஞ்சர் கடை. மேலே வீடு, கம்பி போட்ட பால்கனி. அங்கே அவளுடைய பூப்போட்ட நைட்டி காயும். ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தால் போதும், படித்துவிடுவாள்.

ஆனால் அவள் பார்ப்பதற்குள் தெருமுனையிலேயே போலீஸ்காரி பார்த்துவிட்டாள்.

ஸ்டிக்கர் கடைக்காரரிடம் போனார்.

"இடைவெளியைச் சரியா விட்டுடலாம்ணே. ஆனா பேரும் தெரியணும். அவ்வளவுதானே?" என்றார் கடைக்காரர். அரசாங்கத்தை ஏமாற்றும் வேலை என்றால் அவருக்குத் தனி உற்சாகம். சட்டப்படி விட்ட இடைவெளியில் கறுப்புத் திருகாணி ஒன்றை இறக்கி, பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டையும் ஒட்டினார். இப்போது கோடும் திருகாணியும் சேர்ந்து இடைவெளியை விழுங்கிவிட்டன. பேர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் அதே முனை. அதே கை நீண்டது.

"என்னண்ணே, ஒரு குத்தத்தை ரெண்டாக்கிட்டு வந்திருக்கீங்க. திருகாணி வேற. இப்பவாவது சொல்லுங்க, யார் பேரு?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மேஸ்திரி வேறு போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கம்பிக்காரருக்கு மூளை கலங்கிவிட்டது.

"நாய் பேரு மேடம்."

"என்னது?"

"வீட்டுல ஒரு நாய் இருக்கு. அதோட பேரு."

போலீஸ்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. வெள்ளை நாய்."

நிறத்தை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பொய் சொல்லிப் பழகாதவன் எப்போதும் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லித்தான் கெடுவான். அவள் அபராதச் சீட்டைக் கொடுத்தாள். முகத்தில் கோபமா இரக்கமா என்று தெரியவில்லை.

அதற்கு மறுநாள் மச்சினன் கடையில் நிறுத்தி, "டயர்ல காத்துப் பாருடா" என்றார். மேலே பார்ப்பதற்கு அவருக்கு வேறு சாக்கு கிடையாது.

"நேத்துதானே பார்த்தேன் மாமா. தினமும் அடிச்சா வெடிச்சுடும்." மச்சினன் அளவு மானியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "மாமா, அக்கா ஒண்ணு கேட்கச் சொல்லுச்சு."

கம்பிக்காரர் மேலே பால்கனியைப் பார்த்தார். "என்ன கேட்டா?"

"நாய் எப்ப வாங்கினீங்கன்னு."

அவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"வெள்ளை நாயாமே. கடிக்குமான்னும் கேட்டுச்சு."

இந்தச் செய்தி எப்படி மாடி ஏறியது? பார்த்தார். போலீஸ் பைக்குகள் இரண்டு கடை ஓரத்தில் பஞ்சருக்கு நின்றன. இவனுக்கும் ஸ்டேஷனுக்கும் கொடுக்கல் வாங்கல். எல்லாம் இந்தப் பயல் வேலை. அக்காவைத் தன்னிடம் அனுப்பக் கூடாது என்று போலீஸை ஏவி விடுகிறான். 'தின்ற வீட்டுக்கே ரெண்டகம் பண்றவன்' என்று மனசுக்குள் வைதுவிட்டு வண்டியை எடுத்தார்.

வம்பே வேண்டாம் என்று நேராகப் போய்ப் பலகையை மாற்றினார். சட்டம் சொன்ன அளவு, சட்டம் சொன்ன இடைவெளி. திருகாணி மூலையில் மட்டும். இப்போது அது பேர் இல்லை, வெறும் நம்பர். மறுநாள் யாரும் நிறுத்தவில்லை. போலீஸ்காரி முனையிலேயே இல்லை. அன்று முழுக்க, மேஸ்திரியின் வசவைத் தவிர, அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முனையைத் தாண்டும்போது, 'யார் பேரு' என்று கேட்கக்கூட ஆள் இல்லையே என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பார்த்துத்தான் அவள் பால்கனியில் நின்றாள்.

நைட்டியை எடுக்க வந்தவள் வண்டியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காய்ந்த துணி கொடியிலேயே கிடந்தது.

மச்சினன் கீழேயிருந்து சைகை காட்டி நிறுத்தினான். "மாமா, அக்கா கேட்குது. நாய் செத்துப் போச்சா?"

"டேய்."

"என்மேல ஏன் கோபப்படுறீங்க? கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நானே ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் வேலை பார்த்துப் பார்த்து என் தொழில் போச்சு. நீங்களே மேல போய்க் கூப்பிட்டா என்ன? பத்துப் படி. அதுக்கு நம்பர் பிளேட் எதுக்கு?"

பத்துப் படிதான். கம்பிக்காரர் பதினாலு மாடி வரைக்கும் சாரத்தில் ஏறியிருக்கிறார். காற்றில் ஆடுகிற பலகைமேல் நின்று கம்பி முறுக்கியிருக்கிறார். அந்தப் பத்துப் படியில் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை. மேலே போய் நிற்கலாம். நின்றபின் என்ன சொல்வது? 'இந்தா' என்றா?

மறுபடியும் ஸ்டிக்கர் கடை.

"காந்தம்" என்றார் கடைக்காரர், விரலைச் சொடுக்கி. "கீழே சட்டப்படி உள்ள பலகை. அதுமேல பேர்ப் பலகை, பின்னால காந்தம். ஊருக்கெல்லாம் நம்பர், அந்தத் தெருவுக்கு மட்டும் பேரு. முனையில நிறுத்து, டப்புனு ஒட்டு, தெருவைத் தாண்டினதும் டப்புனு எடு. கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

கடவுள் வரவில்லை. அவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பலகையை ஒட்டினார். ஏறி உட்கார்ந்து பத்தடி போவதற்குள் மேடு வந்தது. வண்டி குதித்தது. பலகை கழன்று விழுந்து, கணீரென்று ரோட்டில் சறுக்கி, ஒரு கறுப்புப் பூட்ஸில் மோதி நின்றது.

போலீஸ்காரி பலகையைக் கையில் எடுத்துத் தூசு தட்டினாள்.

"நாய் உயிரோட வந்துடுச்சா அண்ணே?"

அன்றைக்கு வண்டியையே கொண்டுபோய்விட்டார்கள்.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் உட்கார்ந்திருந்தார். ரிடையராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும்போலத் தெரிந்தது. சுவர் ஓரமாக மின்விசிறி கிறீச்சிட்டது. கம்பிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க இடுப்பு விடாது.

"இதான் கடைசித் தடவை கேட்கிறேன்" என்றாள் போலீஸ்காரி. பேர்ப் பலகையை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். "யார் பேரு?"

"வீட்லங்க."

"வீட்ல யாரு?"

அவர் பலகையைப் பார்த்தார். சிமென்ட் காய்ந்த விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார்.

"வீட்ல இப்ப யாரும் இல்லைங்க."

போலீஸ்காரி எழுத்தரைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த போன் அடித்தது. எழுத்தர் எடுத்தார். "ஆமாங்க... இங்கதான் இருக்காரு... ம்... இல்லைங்க, இன்னும் இல்லை... கேட்டாச்சு, இப்பக்கூடக் கேட்டாச்சு." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

கம்பிக்காரருக்கு எரிச்சல் வந்தது. மச்சினன்தான் பேசுகிறான், சந்தேகமே இல்லை. பையிலிருந்த ரசீதுகளை எல்லாம் எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

"ஐயா, நான் உழைச்சுச் சாப்பிடுறவன். இதுவரைக்கும் ஒருத்தனுக்குக் கடன் சொன்னது கிடையாது. இந்தாங்க, முதல் அபராதம். இது திருகாணிக்கு. இது இன்னிக்கு. எல்லாம் கட்டியாச்சு. அந்தப் பலகையை நீங்களே வச்சுக்குங்க, எனக்கு வேண்டாம். வண்டியைக் குடுங்க, போறேன். வேற ஏதாவது பாக்கி இருக்கா?"

எழுத்தர் ரசீதுகளைப் பார்க்கவே இல்லை. ரிசீவரை அவர் பக்கமாக நீட்டினார்.

"இருக்கு அண்ணே. நீங்க தெருமுனைக்கு வர்ற நேரம் பார்த்து எங்களுக்குப் போன் போட்டு, 'வண்டியில யார் பேருன்னு கேளுங்க, வாயைத் திறந்து சொன்னா விட்டுடுங்க'ன்னு சொன்ன அம்மா லைன்ல இருக்காங்க, அவங்களை ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுறது மட்டும் பாக்கி."