மூக்கு தாழ்ந்த பத்மினி

வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது நானாக முடிவெடுத்துச் செய்வது என்று தீர்மானித்தேன். யோசித்துப் பார்த்ததில், வீட்டில் என் அதிகாரத்துக்குள் வருவது கார் மட்டும்தான் என்று தெரிந்தது. ஆகவே என் பழைய பத்மினியின் முன்பக்கத்தைத் தாழ்த்துவது என்று முடிவாயிற்று.

அந்த வண்டி, பந்தியில் கவனிக்காமல் விட்ட சம்பந்தி மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதே மாடலைத் தரையோடு தரையாக இறக்கிப் பையன்கள் ஓட்டுவதை செல்போனில் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் ரொம்ப நாளாக எல்லைத் தகராறு. அங்கே வண்டி நிற்கிறது. அங்கே ஆரி ஒர்க் வகுப்பு நடத்த வேண்டும் என்பது என் மனைவி முத்துச்செல்வியின் ஆசை. ஜாக்கெட் துணியில் ஊசியால் மணியும் ஜரிகையும் கோர்ப்பதில் அவள் கெட்டிக்காரி. வண்டி வெயிலில் வெளுத்துவிடும் என்று சொல்லி நான் இடம் கொடுக்கவில்லை. கல்யாணமான பிறகு நான் ஜெயித்த ஒரே வழக்கு அது.

"முத்து, வண்டி முன்பக்கத்த இறக்கப் போறேன்."

"இறக்குங்க."

"செலவாகும்."

"எம்புட்டு?"

"புது ஸ்பிரிங் வாங்குனாத்தான் செலவு. இருக்கிறதையே அறுத்தா கூலி மட்டுந்தான்."

"அறுக்கச் சொல்லுங்க. நல்லா இறங்கட்டும். அரைகுறையா செஞ்சிட்டு வந்து நிக்காதீங்க."

என் யோசனை எதற்கும் இத்தனை சீக்கிரம் அனுமதி கிடைத்ததில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

மெக்கானிக் பாதுஷா பாய் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். முத்துச்செல்வி காபி கொடுத்தாள். அவர் கிளம்பும்போது கேட் வரைக்கும் போய் நின்று பேசினாள். விருந்தாளியை வழியனுப்பத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டறையில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டு, பாய் சாக்பீஸால் கோடு போட்டார்.

"ஒரு சுத்து அறுத்தாப் போதாதா பாய்?"

"ஒரு சுத்து அறுத்தா ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒண்ணேமுக்கால் அறுத்தாத்தான் சரியா வரும்."

"எப்படி அம்புட்டு கரெக்டா சொல்றீங்க?"

"அளந்துட்டுத்தானண்ணே வந்தேன்."

அறுத்து மாட்டி வண்டியை வெளியே விட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கு தாழ்ந்து, முன் சக்கரம் மட்கார்டுக்குள் பதுங்கி, அப்படி ஒரு அழகு.

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு எது செய்தாலும் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நிறுத்திப் பூஜை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவோம். முத்துச்செல்வி மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பட்டறைக்கே வந்துவிட்டாள். வழியில் ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்குவாட்டில் சாய்த்துத் தாண்டினேன். அடியில் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள்.

பூஜை முடிந்தது. சக்கரத்தில் பழம் நசுங்கியது.

"ஏங்க, கருப்பு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்ன வார்த்த?"

"இனிமே இந்த ஸ்பிரிங்குல கை வைக்க மாட்டேன், யாரையும் வைக்க விடவும் மாட்டேன்னு. ஒண்ணு செய்வீங்க, பிடிக்கலைன்னு மறுபடி மாத்துவீங்க. பாத்ரூம் டைல்ஸ் கத மறந்துபோச்சா?"

நியாயமாகப் பட்டது. சத்தியம் செய்தேன். மற்ற சாமிகளிடம் சொன்ன சொல்லை ஒரு மொட்டை போட்டு சரிக்கட்டலாம். கருப்பிடம் அது நடக்காது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிற மதுரைக்காரனும் அந்தப் படிக்கு முன்னால் வாயைத் திறக்க யோசிப்பான்.

வீட்டுக்கு வந்தோம். ரோடு போடப் போட வீடு பள்ளமாகிவிடுகிறது என்று வாசலை நன்றாகத் தூக்கிக் கட்டியிருக்கிறோம். சரிவு கொஞ்சம் செங்குத்து. சக்கரம் அதைத் தொடுவதற்கு முன்பே பம்பர் தொட்டுவிட்டது. சாய்த்து ஏற்றிப் பார்த்தேன். ரிவர்ஸில் ஏற்றினேன், பின் சக்கரம் மேலே போக, மூக்கு ரோட்டைத் தேய்த்தது. எதிர்வீட்டு மலையாண்டி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஸ்பிரிங்க மாத்திருவோம் முத்து."

"கருப்புகிட்ட என்ன சொன்னீங்க?"

நான் வண்டியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன்.

"அப்ப இந்தச் சரிவ இடிச்சு இறக்கிருவோம்."

"இடிங்க. ஐப்பசியில மழத்தண்ணி ஹாலுக்குள்ள வந்தா, கட்டில் மேல உக்காந்து சோறு தின்னுங்க."

"வண்டி எங்க நிக்கும்?"

"ரோட்டுல வேப்பமரம் இருக்கு. நல்ல நெழலு."

நிழல் நல்ல நிழல்தான். அந்த மரத்தில் குடியிருக்கும் காக்கைகளைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய போர்வை ஒன்றை எடுத்துப்போய் வண்டிக்குப் போர்த்திவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்டிகோவில் ஜமுக்காளம் விரித்து, ஆரி ஸ்டாண்டுகள் வரிசையாக நின்றன. முதல் மாணவி ஷிபா, பாதுஷா பாயின் மகள். அவளுக்கு மட்டும் ஃபீஸ் கிடையாதாம். பைக்கில் கொண்டுவந்து விட்ட பாய், கேட்டருகே நின்று குரல் கொடுத்தார்.

"அளவு சரியா இருந்துச்சா?"

நான் மரத்தடியில் போர்வையைத் தாண்டி விழுந்திருந்த எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், "கச்சிதமா இருக்கு பாய்," என்றேன்.

"உங்களக் கேக்கலண்ணே," என்றார் அவர். "அக்காவக் கேட்டேன்."